நனைந்தால் திருப்ப முடியாது

யார்க் தெரு கடலைப் பார்த்து இறங்கும் சரிவில்
அந்தக் கடை. ஆல்பனியில் சனிக்கிழமை, அடைமழை.
உள்ளே ரப்பர் வாசம்,
டயர் கடையில் யாரோ கருவாட்டை மறந்துவிட்டுப் போனதுபோல.

எனக்கு வேண்டியது
கண்ணில் படாத ஓர் உடை.

வாரத்தில் ஐந்து நாள்
செஸ்டர் பாஸ் சாலையில் பலகை பிடித்து நிற்கிறேன்.
ஒரு பக்கம் நில், மறுபக்கம் மெல்ல.
சட்டையில் பாதி எரியும் மஞ்சள், பாதி கருநீலம்,
நெஞ்சிலும் முதுகிலும் வெள்ளிப் பட்டை.
கோமளவல்லியை
'கோ' என்று சுருக்கிவிட்டார்கள் சாலைக்காரர்கள்.
லாரிகளை நிறுத்துகிறவளுக்கு இப்படி ஒரு பெயர்.
போன செவ்வாய்க்கிழமை ஒருவன்
மூன்று கூம்புகளை நசுக்கிவிட்டுக் கண்ணாடியை இறக்கி
"உன்னைப் பார்க்கவே இல்லையே" என்றான்.

"எந்தப் பாறை, என்ன பாசி, எத்தனை ஆழம்?"
பெண் பார்க்க வந்தவர் நட்சத்திரம் விசாரிப்பதுபோல
கேட்டார் க்ளென்.
நீலம் திறந்த கடலுக்காம்.
அங்கே நான் போவதாயில்லை; பயம்தான், மறைப்பானேன்.
பச்சையை மேலே வைத்துப் பார்த்தேன்,
கறிவேப்பிலைக் கட்டு.
பழுப்பும் கருப்பும் திட்டுத்திட்டாய் ஒன்று,
கெல்ப் பாசி ஆடுகிற பாறைக்கென்றே வரைந்தது,
பெண்கள் அளவில் வரவில்லை.
ஆண்களில் ஆகச் சின்னதை எடுத்துக்கொண்டு
திரைக்குப் பின்னால் போனேன்.

ஐந்து மில்லி கனம்.
இதற்குக் குறைந்தால் இந்தத் தண்ணீரில் பல் தந்தியடிக்கும்.
முழங்கால் ஏற எட்டு நிமிடம்,
இடுப்பில் ஒரு போர்.
வெளியிலிருந்து குரல்:
"நகத்தால் இழுக்காதே, கிழியும்."

கண்ணாடியில் ஒரு பாறை,
அதன்மேல் என் முகம்.
"தலையுறையையும் போடு."
போட்டேன். முகமும் பாதியாயிற்று.

"உண்மையைச் சொல்லவா?" என்றார் க்ளென்.
"மீனுக்கு நிறம் பெரிதில்லை.
அசையாமல் கிடந்தால் உன்னைப் பாறை என்றே எடுத்துக்கொள்ளும்.
இந்தத் திட்டு, கோடு, நிழல் எல்லாம்
வாங்க வருகிறவர்களைப் பிடிக்க."

ஆனாலும் பிடிபட்டேன்.
நானூற்று எண்பது டாலர்.
கணவாய் இதைப் பேச்சுக்குப் பேச்சு மாற்றுகிறது, காசில்லாமல்.
ரசீதில் சிவப்பு முத்திரை:
நனைந்தால் திருப்ப முடியாது.

வாசலில் கூப்பிட்டு நிறுத்தி
ஒரு மிதவையையும் தலையில் கட்டினார்.
ஆரஞ்சு நிறம், உச்சியில் நீல வெள்ளைக் கொடி.
படகுக்காரன் கண்ணில் படவேண்டுமல்லவா.
கீழே ஒளிய நானூற்று எண்பது,
மேலே காட்டிக்கொடுக்க அறுபத்தைந்து.

ஞாயிறு.
மழை விட்டிருந்தது, அலை விடவில்லை.
டானிகா மேலே மிதவையோடு காவல்.
அடுத்த முறை அவள் இறங்க, நான்.

ஏழு மீட்டரில் பாறை இடுக்கில் குப்புறக் கிடந்தேன்.
பாசி என்மேல் வந்து வந்து போயிற்று.
ஒரு பொடி மீன் முழங்கையைக் கொத்திப் பார்த்தது,
தின்ன ஏதுமில்லை என்று அடுத்த கல்லுக்குப் போனது.
அடுத்த கல்!
சம்பளம் கூடியதுபோல் இருந்தது எனக்கு.

பிறகு அது வந்தது. குயின் ஸ்னாப்பர்.
கருநீல உடம்பு,
கண்ணைச் சுற்றி எரியும் மஞ்சள் கோடு,
செஸ்டர் பாஸ் சாலைச் சட்டையை
யாரோ தண்ணீரில் விட்டதுபோல.
வேலை முடிந்து போகிறவள் நடையில்
நேராக என்னிடம்.

வலக்கையில் துப்பாக்கி.
இடக்கை என்னைக் கேட்கவில்லை.
உள்ளங்கை விரிய, தானாக உயர்ந்தது:
நில்.

நின்றது.
ஒரு நொடி, சத்தியமாக நின்றது.
என்னை மேலும் கீழும் பார்த்தது.
அப்புறம் வாலில் ஒரு சொடுக்கு,
பாசி ஆடியது, பச்சைத் தண்ணீர்.

மேலே வந்து மிதவையைப் பிடித்துக்கொண்டேன்.
மூக்கெல்லாம் உப்பு.
"என்ன?" என்றாள் டானிகா.
"பார்த்துவிட்டது" என்றேன்.

உடை நன்றாக நனைந்திருந்தது.